ஒரே கல்லூரி, இரண்டு சம்பளப் பட்டியல்: ஒரு சுயநிதிப் பிரிவின் ஊதியச் சீரமைப்பு

தமிழ்நாட்டின் தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும், தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் 2022 இறுதி முதல் 2025 வரை நடந்த ஊதியச் சீரமைப்பு இங்கே பதிவாகிறது. கல்லூரியும் ஆட்களும் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன, தொகைகள் முழுமையாக்கப்பட்டுள்ளன. சட்ட விதிகளும் அரசு ஊதிய விகிதங்களும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பின்னணி

காலை ஷிப்ட் அரசு உதவிப் பிரிவு. பிற்பகல் ஷிப்ட் மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் சுயநிதிப் பிரிவு. பலகையில் ஒரே பெயர், பட்டத்தில் ஒரே முத்திரை. பல பாடங்களில் வினாத்தாளும் ஒன்றே. பாடம் நடத்துபவரின் சம்பளம் மட்டும் வேறு.

காலைப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாக அரசிடமிருந்து வருகிறது. 7வது ஊதியக் குழுவையொட்டி மத்திய அரசு 2017 நவம்பர் 2 அன்று வெளியிட்ட ஆணைப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. ஆண்டுதோறும் 3% உயர்வு. 2024 தொடக்கத்தில் அகவிலைப்படி 50% என்பதால், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு வீட்டு வாடகைப்படியைச் சேர்க்காமலே 86,550 ரூபாய். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அப்போது பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம்தான். காலைப் பிரிவிலும் குறை இல்லாமல் இல்லை.

பிற்பகல் பிரிவில் 72 ஆசிரியர்கள். எம்.ஃபில். முடித்துச் சேர்பவருக்கு 16,000, நெட் அல்லது செட் (தேசிய, மாநில விரிவுரையாளர் தகுதித் தேர்வுகள்) தேறியவருக்கு 18,000. பதினாறு ஆண்டு பணிசெய்த துறைத்தலைவருக்கு 26,000. அதற்கு மேல் ஒருவரும் இல்லை. சராசரி 19,500. இவை எல்லாம் தொகுப்பூதியம், அதாவது அதற்கு மேல் படி எதுவும் இல்லாத மொத்தத் தொகை. ஆண்டுக்கு 11 மாதம்தான் சம்பளம், மே மாதத்துக்குக் கிடையாது.

மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது, வெளியே அதிகம் பேசப்படாதது. காலைப் பிரிவில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப அரசின் அனுமதி வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை ‘மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்’ என்ற பெயரில் நிர்வாகம் ஆள் வைக்கும். அப்படி 9 பேர், தலைக்கு மாதம் 16,000. காலைப் பிரிவின் கட்டணம் மிகக் குறைவு என்பதால் இந்த ஒன்பது பேரின் சம்பளமும் பிற்பகல் மாணவர் கட்டும் பணத்திலிருந்தே போனது.

பிரச்சினை வெளியே வந்த விதம்

2022–23 கல்வியாண்டில் பிற்பகல் பிரிவிலிருந்து 14 பேர் நடுவிலேயே விலகினார்கள். அதுவரை ‘போகிறவர் போகட்டும், நூறு விண்ணப்பம் கிடக்கிறது’ என்பதே நிர்வாகத்தின் நிலை. விண்ணப்பம் கிடந்தது உண்மைதான். ஆனால் டிசம்பரில் கணினிப் பயன்பாட்டியல் துறையில் ஒரே பருவத்தில் மூவர் போனபோது, நெட் தேறிய ஒருவர்கூட 18,000க்கு வரவில்லை. விலகிய மூவரில் ஒருவர் போனது அதே ஊரின் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு, அங்கே 28,000. ஒரு வகுப்புக்கு ஐந்து வாரம் முதன்மைப் பாடத்துக்கு ஆள் இல்லை. தன்னாட்சிக் கல்லூரி என்பதால் தேர்வுத் தேதியை வைத்ததும் கல்லூரியே, தள்ளிவைக்க வேண்டி வந்ததும் கல்லூரியே. பெற்றோர் செயலரைப் பார்க்க வந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் 58 ஆசிரியர்கள் கையெழுத்திட்ட மனு வந்தது. கோரிக்கை ஒரே வரி: ‘யு.ஜி.சி. ஊதியம் வழங்க வேண்டும்.’ அதாவது பல்கலைக்கழக மானியக் குழு விகிதத்தில், காலைப் பிரிவினர் பெறும் ஊதியம்.

செயலரின் முதல் எண்ணம் மனுவில் முன்னால் நின்ற நால்வருக்கு விளக்கக் கடிதம் கொடுப்பது. முதல்வரும் தணிக்கையாளரும் தடுத்தார்கள். பருவ நடுவில் இன்னும் நால்வர் போனால் வகுப்பு நடக்காது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நியாயம் பற்றி அவர்கள் பேசவில்லை. 2023 ஜனவரியில் எட்டுப் பேர் குழு அமைந்தது: செயலர், முதல்வர், தணிக்கையாளர், காலைப் பிரிவின் மூத்த ஆசிரியர் ஒருவர், பிற்பகல் பிரிவிலிருந்து வாக்கெடுப்பில் தேர்வான மூவர், கல்லூரிக் கல்வித் துறையில் கணக்கு அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற வெளியாள் ஒருவர். இந்த எட்டாவது ஆள் இல்லாமல் இருந்திருந்தால் குழு இரண்டாம் கூட்டத்தோடு கலைந்திருக்கும்.

கோரிக்கையும் அதன் கணக்கும்

முதல் கூட்டத்திலேயே கோரிக்கையைக் கணக்காக எழுதினார்கள். 72 பேருக்கு 57,700 வீதம் 12 மாதத்துக்கு 4 கோடியே 98 லட்சம். பிற்பகல் பிரிவில் படித்த 1,800 மாணவரிடமிருந்து உண்மையில் வசூலானது, சராசரி 24,000 வீதம், 4 கோடியே 32 லட்சம். அகவிலைப்படி சேர்க்காமல், மின்கட்டணம் கட்டாமல், ஒரு தாள்கூட வாங்காமல் இருந்தாலும் வரவைவிடச் செலவு கூடுதல்.

இந்தக் கணக்கை நிர்வாகம் முன்பே வாய்மொழியாகச் சொல்லி வந்தது, ஆசிரியர்கள் நம்பவில்லை. வரவேட்டின் நகலைக் கையில் கொடுத்த பிறகுதான் மூன்று பிரதிநிதிகளும் ஏற்றார்கள். அதே ஏடு அடுத்த கேள்வியையும் எழுப்பியது: 57,700 முடியாது, சரி, 18,000 மட்டும் ஏன்?

நீதிமன்ற வழியும் பேசப்பட்டது. ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற சட்ட வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் தொழிலாளர் நீதிமன்றம் திறக்காது. தனியார் கல்வி நிறுவனத்தின் சாதாரணப் பணி ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் மனு பொருந்தாது என்று 2022 ஆகஸ்டில் செயின்ட் மேரீஸ் வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற 2016ஆம் ஆண்டு ஜக்ஜித் சிங் தீர்ப்பு அரசே சம்பளம் தரும் இடத்துக்கானது. ஆக, சம்பள விகிதத்தை நீதிமன்றம் வழியாக உயர்த்துவது கடினம். வருங்கால வைப்பு நிதியும் (பி.எஃப்.) பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படியல்ல. அவற்றில் சட்டம் ஆசிரியர் பக்கம் தெளிவாக இருந்தது. பின்னால் பேச்சு நகர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

ஏடுகளில் கண்டவை

72 பேருக்கும் ஆளுக்கு ஒரு வரியாக அட்டவணை போட்டார்கள்: சேர்ந்த நாள், முதல் ஆணையின் நாள், இடைவெளிகள், தகுதி, தகுதி பெற்ற நாள், வாரப் பாடவேளை, தொகுப்பூதியம், பி.எஃப். கணக்கில் காட்டிய அடிப்படை, பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்ணான யு.ஏ.என்., தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் எண். அட்டவணை முடிய ஏழு வாரம் ஆனது. விவரம் மூன்று அறைகளில் சிதறிக் கிடந்தது.

19 பேருக்கு முதலாண்டுக்குப் பின் எழுத்துமூல ஆணையே இல்லை. மற்றவர்களுக்கு ஜூன் மாதம் ‘புதுப்பிப்புக் கடிதம்’. பேறுகால விடுப்பில் போனவர்களை விலகியதாகக் காட்டி, திரும்பி வந்ததும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அப்படி ஏழு பேரின் பணிக்காலம் ஏட்டில் உடைந்திருந்தது. சம்பளச் சீட்டு எவருக்கும் கொடுக்கப்பட்டதில்லை.

பி.எஃப். பகுதிதான் கனமானது. தொகுப்பூதியம் எவ்வளவாக இருந்தாலும் ‘அடிப்படை 7,500, மீதி சிறப்புப்படி’ என்று பிரித்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சீராகத் தரப்படும் படியை அடிப்படையிலிருந்து விலக்க முடியாது என்று விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்தப் பிரிப்பு தொடர்ந்தது. பி.எஃப். உச்ச வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000. இவர்களுக்கு 15,000க்கு 12% ஆக 1,800 பிடித்து, நிர்வாகமும் அதே அளவு கட்டியிருக்க வேண்டும். பிடித்தது 900, கட்டியது 900.

கையில் 900 கூடுதலாக வந்ததால் ஆசிரியர் பலருக்கு அது லாபமாகவே தெரிந்தது. கணக்கு அலுவலர் பலகையில் எழுதிக் காட்டினார். பி.எஃப்.உடன் இணைந்த ஓய்வூதியத்தின் சூத்திரம்: ஊதியம் × பணியாண்டு ÷ 70. பதினைந்து ஆண்டுக்கு 15,000 அடிப்படையில் மாதம் 3,214; 7,500 அடிப்படையில் 1,607. பணிக்கொடையில் வேறுபாடு இன்னும் பெரிது. 2009 திருத்தம் ஆசிரியரையும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டுக் கொண்டுவந்தது. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கடைசி அடிப்படை × 15 ÷ 26 × பணியாண்டு. அடிப்படை 7,500 என்றால் 14 ஆண்டுக்கு ஏறக்குறைய 60,500 ரூபாய்தான். மே மாத இடைவெளியும் பேறுகால ‘விலகலும்’ அந்த 14 ஆண்டையே கேள்விக்குறியாக்கும்.

ஆறு பேரின் யு.ஏ.என். விவரம் ஆதாருடன் பொருந்தவில்லை. காரணம் எளிது: ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் தந்தை பெயர் முழுதாக. கூட்டு உறுதிமொழி படிவம் போட்டுத்தான் திருத்த முடியும். பணியில் இருக்கும்போது இரண்டு மாத வேலை. விலகிய பின் நிர்வாகத்தின் கையெழுத்துக்கு அலைய வேண்டிய வேலை.

ஒன்றைப் பாராட்டாகவே சொல்ல வேண்டும். சில சுயநிதிக் கல்லூரிகளில் ஆய்வுக் குழுவுக்காகப் பெரிய தொகையை வங்கியில் போட்டுவிட்டு, அதில் பாதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கும் வழக்கம் உண்டு. இங்கே அது இல்லை. படிவத்தில் எழுதிய தொகையும் பாஸ்புக்கில் ஏறிய தொகையும் ஒன்றாக இருந்ததால்தான் மேலே சொன்ன கணக்குகளை நம்பிப் பேச முடிந்தது. அந்த வழக்கம் உள்ள இடத்தில் இந்த ஆய்வின் முறை உதவாது.

பணம் போன வழி

4 கோடியே 32 லட்சத்தில் ஆசிரியர், அலுவலர் 20 பேர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்ந்து 1 கோடியே 96 லட்சம், அதாவது 45%. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குக் ‘கட்டட வளர்ச்சி’ என்று மாற்றியது 1 கோடியே 10 லட்சம். தலைமைப் பொறுப்புகளுக்கான மதிப்பூதியம் 22 லட்சம். நடைமுறைச் செலவு 86 லட்சம். மீதி 18 லட்சம் வைப்புத் தொகை.

நடைமுறைச் செலவைப் பிரித்தபோதுதான் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் ஒன்பது பேரின் சம்பளம், ஆண்டுக்கு ஏறக்குறைய 16 லட்சம், ‘தற்காலிக வகுப்புகள்’ என்ற தலைப்பில் அதற்குள் இருப்பது தெரிந்தது. அரசு நிரப்ப வேண்டிய இடத்தின் சுமையைப் பிற்பகல் மாணவரின் கட்டணம் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டணத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு அது தெரியாது.

சம்பளம் மாதம் 5ஆம் தேதிக்குப் பதில் 17, 20 என்று தள்ளிப்போனதற்கும் விடை கிடைத்தது. கட்டணம் ஜூன்–ஜூலையிலும் நவம்பர்–டிசம்பரிலும் வருகிறது. எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் அவர்கள் கைக்கு வருகிறது. ஆனால் அறக்கட்டளைக்கான தொகை ஆகஸ்டிலேயே ஒரே தவணையில் போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் கணக்கு காலியாகும். பணம் இல்லாததால் அல்ல, முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற வரிசையால்தான் சம்பளம் தாமதமானது.

தலைமைப் பொறுப்புகளின் ஊதியம்

இந்தப் பகுதியைக் குழு கடைசிவரை தள்ளிப்போட்டது. முதல்வரும் செயலரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் பணத்தைப் பற்றி யார் பேசுவது? வெளியாள்தான் பேசினார்.

22 லட்சத்தின் பிரிவு: செயலருக்கு மாதம் 50,000, சுயநிதிப் பிரிவு இயக்குநராக இருந்த ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு 60,000, முதல்வருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ 30,000, ஒருங்கிணைப்பாளர் நால்வருக்குத் தலைக்கு 11,000. நால்வரும் காலைப் பிரிவினர்.

மத்திய அரசு ஆணைப்படி முதுநிலைக் கல்லூரி முதல்வரின் அடிப்படை 1,44,200, சிறப்புப்படி 6,750. இளநிலைக் கல்லூரி என்றால் 1,31,400; சிறப்புப்படி 4,500. அந்த ஆணை முதல்வர் பதவியின் சுமைக்கு விலையாக வைத்தது இந்தச் சிறப்புப்படியைத்தான். சுயநிதிப் பிரிவிலிருந்து போன 30,000 அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அரசுச் சம்பளம் பெறுபவர் அதே வளாகத்தில் இன்னொரு தொகை பெறுவது தணிக்கையில் எந்த நேரமும் கேள்வியாக எழக்கூடியது என்று கணக்கு அலுவலர் சொன்னதும், முதல்வர் அதைத் தானாகவே விட்டுக்கொடுத்தார். செயலரின் தொகையில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. மூன்று கூட்டம் அதிலேயே போனது. ரசீதுடன் கூடிய உண்மைச் செலவு, மாதம் 15,000 வரை என்று முடிந்தது.

இயக்குநரின் ஒப்பந்தம் 2023 மே மாதம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அதற்குப் பதில் பிற்பகல் பிரிவின் மூத்த ஆசிரியர் ஒருவர் துணை முதல்வரானார்: சம்பளத்துடன் பொறுப்புப்படி 15,000. ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் பிற்பகல் ஆசிரியருக்கே வந்தது, படி 5,000. மொத்தச் செலவு 22 லட்சத்திலிருந்து 6 லட்சமாக இறங்கியது.

சேமித்த 16 லட்சம் 72 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு மாதம் 1,850 ரூபாய்தான். தொகையைவிட, ‘மேலே கை வைத்துவிட்டுத்தான் நம்மிடம் கணக்குப் பேசுகிறார்கள்’ என்ற நம்பிக்கையே பேச்சை முடித்துவைத்தது. ஊதியப் பேச்சில் இறங்கும் எந்த நிர்வாகமும் இந்த 16 லட்சத்தைக் கடைசியில் கொடுப்பதை விட முதலில் கொடுப்பது மலிவு.

முடிவுகள்

புதிய கட்டமைப்பு 2023 ஜூனில் பாதியும் 2024 ஜூனில் முழுமையுமாக நடைமுறைக்கு வருவதென முடிவானது. இரண்டு கட்டம் ஏன்? அறக்கட்டளை கட்டடத்துக்கு வாங்கிய வங்கிக் கடன் இருந்தது. 1 கோடியே 10 லட்சத்தை ஒரே ஆண்டில் வெட்டினால் தவணை நின்றுவிடும். இரண்டாம் ஆண்டில் அது 40 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அதுவும் சம்பளத்துக்குப் பிறகு, மார்ச்சில்தான் மாற்றப்படும்.

நெட், செட் அல்லது முனைவர் பட்டம் உள்ளவர் 41 பேருக்குத் தொடக்கம் 25,000. மற்ற 31 பேருக்கு 21,000. இரு வகைக்கும் முடித்த ஒவ்வொரு பணியாண்டுக்கும் 400. சராசரிப் பணிக்காலம் 7 ஆண்டு என்பதால் சராசரி ஊதியம் 19,500இலிருந்து 26,078 ஆகிறது. 25,000 என்ற எண் வானத்திலிருந்து வரவில்லை. அரசுக் கலைக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு அந்த ஆண்டுகளில் உயர்த்தப்பட்ட தொகை அதுதான். அதற்குக் கீழே நின்றால் நெட் தேறியவர் அங்கே போவார். யு.ஜி.சி. 2019இல் கௌரவ விரிவுரையாளருக்குச் சொன்ன, ஒரு விரிவுரைக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்ற அளவை ஆசிரியர் தரப்பு வைத்தது; வரவு தாங்காததால் கைவிட்டது.

பன்னிரண்டு மாதச் சம்பளம். ஆறில் ஐந்து பங்கு அடிப்படை, ஒரு பங்கு வீட்டு வாடகைப்படி. ‘சிறப்புப்படி’ என்ற தலைப்பே நீக்கம். பி.எஃப். 15,000 வரம்பில் முழுதாக. பணிக்கொடைக்கு ஆண்டுச் சம்பளத்தில் 4.81% தனிக் கணக்கில். பேறுகால விடுப்பு 26 வாரம், பணித்தொடர்ச்சியுடன். 72 பேருக்கும் முதல் சேர்ந்த நாளைக் குறித்த புதிய ஆணை. மாதம் 5ஆம் தேதி சம்பளம். இதற்காக மூன்று மாதச் சம்பளம் வைப்புத் தொகையிலிருந்து தனிக் கணக்குக்குப் போனது.

மொத்தச் செலவு 2 கோடியே 90 லட்சம், வரவில் 67%.

நிர்வாகம் ஒரு மாற்று யோசனை வைத்தது. 36 வகுப்புக்கு வாரம் 30 மணி வீதம் 1,080 மணி. ஒருவருக்கு 18 மணி என்று ஆக்கினால் 60 பேர் போதும். 12 பேரின் சம்பளம், ஆண்டுக்கு 37 லட்சத்துக்கு மேல், மிஞ்சும். உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சொல்லும் 16 மணிக்கு மேல் போகக் கூடாது என்று ஆசிரியர் தரப்பு நின்றது. 16 மணி என்றாலும் 68 பேர்தான் தேவை. ஆகவே யாரையும் அனுப்பாமல், விலகும் இடங்களில் முதல் நான்கை நிரப்பாமல் விடுவது என்று முடிந்தது.

நடைமுறையில் இடறியவை

முதல் இடறல் 2023 ஜூன் சம்பள நாளிலேயே வந்தது. பாதி உயர்வு கிடைத்தவரின் பி.எஃப். பிடித்தம் 900இலிருந்து 1,800 ஆனது. 18,000 வாங்கியவர் 22,100 என்று ஆணையில் பார்த்தார். வங்கியில் வந்தது 20,300. ‘ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிறார்கள்’ என்று பேச்சு கிளம்பியது. சம்பளச் சீட்டு அதே நாளில் கையில் இருந்திருந்தால் அடங்கியிருக்கும். மென்பொருள் தயாராகாததால் அது ஆகஸ்டில்தான் வந்தது.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாத ஊதியம் 21,000ஐத் தாண்டியதும், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்தபின் உறுப்பினர் வெளியேறுகிறார். ஐம்பது குடும்பங்கள்வரை மருத்துவப் பாதுகாப்பை இழக்கும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணவில்லை. செப்டம்பருக்குள் குழு மருத்துவக் காப்பீடு எடுக்கப்பட்டது, ஆண்டுக்கு 4 லட்சம். ஆனால் பெற்றோருக்கு அதில் இடமில்லை, இ.எஸ்.ஐ.யில் சார்ந்திருந்த பெற்றோருக்கும் இடம் இருந்தது.

புதிதாகச் சேர்பவர்களின் பி.எஃப். இன்னொரு சிக்கல். அடிப்படை 15,000க்கு மேல் இருந்து, முன்பு உறுப்பினராக இல்லாதவர் ‘விலக்கப்பட்ட ஊழியர்’ ஆகிறார், அவருக்கு பி.எஃப். கட்டாயமில்லை. இரு தரப்பும் விருப்பம் எழுதிக் கொடுத்தால்தான் சேர்க்க முடியும். சேர்த்தாலும் 2014 செப்டம்பருக்குப் பின் இப்படி வருபவருக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை. நிர்வாகப் பங்கு முழுதும் வைப்பு நிதிக்கே போக வேண்டும். அலுவலகம் முதல் நான்கு மாதம் வழக்கம்போல 8.33% ஓய்வூதியக் கணக்கில் கட்டிவிட்டது. திருத்தம் நீண்டது.

நீண்ட காலம் நின்ற மனக்கசப்பு தகுதி வகைப்பாட்டில்தான். பதினான்கு ஆண்டு பணிசெய்த எம்.ஃபில். ஆசிரியருக்கு 26,600. நேற்றுச் சேர்ந்த நெட் தேறியவருக்கு 25,000. இடைவெளி 1,600. எம்.ஃபில். போதும் என்று இதே கல்லூரி வேலைக்கு எடுத்தவர்கள் அவர்கள். 2022 நவம்பரில் அந்தப் பட்டத்தையே யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. குழு அவர்களுக்கு மூன்றாண்டு அவகாசமும், முனைவர் பட்டத்துக்குப் பதிவுசெய்தவர்களுக்கு வாரம் ஒரு நாள் பாடமில்லாத நாளும் தந்தது. சம்பளத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை. இது குழு எடுத்த முடிவுகளில் பலவீனமானது.

பழைய பி.எஃப். குறைவைப் பற்றி குழு எதுவும் தீர்மானிக்கவில்லை; ஆண்டுக்கு 14 லட்சம் அளவில் அது நிற்கிறது. ஆசிரியர் பங்கையும் பொதுவாக நிர்வாகமே கட்ட வேண்டியிருக்கும், மேலே ஆண்டுக்கு 12% வட்டி, அதற்கும் மேல் இழப்பீடு. ‘கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டார்கள். 2024 இறுதியில், விலகிய ஒருவர் பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் பதிந்தார். பி.எஃப். நிலுவையை நிர்ணயிக்கும் 7ஏ பிரிவில் விசாரணை தொடங்கியது.

இரண்டாண்டுக்குப் பின்

2024–25இல் ஆண்டு நடுவில் விலகியவர் 14க்குப் பதில் 4. அந்த ஆண்டில் சம்பளம் ஒரு மாதமும் 5ஆம் தேதியைத் தாண்டவில்லை. 31 பேரில் 9 பேர் செட் தேறியோ முனைவர் பட்டம் பெற்றோ மேல் வகைக்கு மாறினார்கள். இருவர் வேலையை விட்டார்கள். பதினான்கு ஆண்டுக்கான பணிக்கொடைக் கணக்கு ஏறக்குறைய 60,500இலிருந்து 1.79 லட்சமானது.

வரவுப் பக்கம் எதிர்பார்த்தபடி இல்லை. பி.காம்., பி.சி.ஏ. நிறைந்தன, பி.எஸ்சி. கணிதத்தில் சேர்க்கை விழுந்து 2024இல் முதலாண்டு தொடங்கவில்லை. ஒரு வகுப்பு நின்றால் வாரம் 30 மணி, அதாவது ஏறக்குறைய இரண்டு இடம் குறைகிறது. கணித ஆசிரியர்கள் பி.சி.ஏ.யின் கணிதத் தாள்களுக்கு மாறினார்கள். புதிய மாணவருக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம் 1,500 உயர்ந்தது. ஆனாலும் வரவு 4 கோடியே 10 லட்சத்துக்கு இறங்கியது. ஊதியச் செலவு 2 கோடியே 83 லட்சம், வரவில் 69%. அறக்கட்டளைக் கூட்டத்தில் ‘70% தொட்டால் பணியாண்டு உயர்வை நிறுத்த வேண்டும்’ என்று குரல் எழுந்தது. தீர்மானம் ஆகவில்லை.

காலைப் பிரிவின் ஒன்பது காலியிடத்துக்கும் இயக்குநரகத்துக்குக் கருத்துரு போனது, அனுமதி வரவில்லை. அந்த ஒன்பது பேர் இன்னும் 16,000 வாங்குகிறார்கள். 58 பேர் மனுவில் அவர்கள் கையெழுத்து இல்லை. குழுவிலும் அவர்கள் சார்பாக ஒருவர் இல்லை. சீரமைப்பு அவர்களைத் தாண்டிப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியவை

தலைமைப் பொறுப்புகளின் ஊதியமும் ஆசிரியர் ஊதியமும் முதல் நாளிலேயே ஒரே அட்டவணையில் வர வேண்டும். இங்கே மூன்று மாதம் வீணானது அதைத் தனியாக வைத்ததால்தான்.

வரவில் ஊதியத்தின் பங்கு எதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லை மட்டுமல்ல, சேர்க்கை விழும்போது என்ன வரிசையில் செலவைக் குறைப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்: முதலில் அறக்கட்டளை மாற்றம், அடுத்து நிரப்பாத இடம், கடைசியில்தான் உயர்வு. அந்த வரிசை எழுதப்படாததால் 69%க்கே உயர்வின் மேல் கண் விழுந்தது.

எம்.ஃபில். ஆசிரியருக்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்கு ஆண்டுக்கு 400க்குப் பதில் 700 என்று வைத்திருக்கலாம். பதினான்கு ஆண்டுக்காரருக்குக் கூடுவது மாதம் 1,200. அந்த மனக்கசப்போடு ஒப்பிட்டால் சிறிய தொகை.

பழைய பி.எஃப். பாக்கியைப் புகார் வருமுன் தானாக முன்வந்து தவணையில் கட்டத் தொடங்கியிருந்தால் வட்டியாவது நின்றிருக்கும். இப்போது விசாரணை முடியவில்லை. தொகை தெரியாமல் 2026–27 வரவுசெலவுத் திட்டத்தை மூடவும் முடியவில்லை. இதற்கிடையே 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துள்ளன. விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியமாகவே கணக்கிடுவார்கள். இந்தக் கல்லூரியின் ஆறில் ஐந்து பங்குப் பிரிப்புக்கு அதனால் பாதிப்பில்லை. குறித்த காலத்துக்கு நியமிக்கப்படுபவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்ற விதி மட்டும், மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் ஒன்பது பேரின் ஆணைகளை முதலில் எடுத்துப் பார்க்க வைத்திருக்கிறது.